வாஷர் பாட்டில் ஒழுகினால்: பழைய கார் கேள்வி-பதில்

மழைக்காலம் நெருங்கியதும் வைப்பர், வாஷர் (முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் அமைப்பு) பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. பதில்களுக்கு முன் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் பூசாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். பாட்டிலைக் கழற்றி, வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, நிரப்பி, பழைய செய்தித்தாள் மேல் இரவு முழுக்க நிறுத்துங்கள். தாள் எங்கே முதலில் நனைகிறதோ, அதற்கு நேர் மேலே இருக்கிறது கசிவு.

கே: என் காரில் வாஷர் தண்ணீர் ஒழுகுகிறது. என்ன போட்டு அடைக்கலாம்? (சேலம்)

எந்தக் கார்? எந்த வருடத்து வண்டி? பாட்டில் பிளாஸ்டிக்கா, கண்ணாடியா, ரெக்சின் போன்ற மெத்தென்ற பையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பானெட்டைத் திறந்து ஒரு படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். செய்தித்தாள் சோதனையைச் செய்து, படத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: 1986 மாருதி 800. இரண்டு நாளில் பாட்டில் காலி. பாட்டில் வெடித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். படம் இணைத்துள்ளேன். (திருச்சி)

படத்தில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. பம்ப் செருகியிருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. அதுதான் கசிவின் தடம். பம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவில் உள்ள கிராமெட் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து இறுகிப்போயிருக்கும். இந்த வகைப் பாட்டில்களில் முதலில் போவது அதுதான்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பம்பை மெல்லத் திருகியபடி நேராக இழுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பாட்டிலின் துளை விளிம்பு கிழியும். பிறகு எந்தக் கிராமெட்டும் நிற்காது. துளையைச் சுற்றியுள்ள உப்பை வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். பழைய கிராமெட்டைக் கையில் கொண்டுபோய், துளை அளவும் பம்ப் கழுத்து அளவும் பொருந்துகிற புதியது வாங்குங்கள். செருகும்போது சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம். அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். கிராமெட்டின் மேல் சிலிக்கான் சீலன்ட் பூசுவதும் வேண்டாம், அது பாட்டிலில் பிடிக்காது.

கே: பத்மினி வண்டி, பாட்டிலின் மூலையில் 3 செ.மீ. வெடிப்பு. எம்-சீல் மூன்று முறை, அரால்டைட் ஒரு முறை போட்டாயிற்று. ஒரு வாரத்தில் உரிந்துவிடுகிறது. வேறு நல்ல பசை ஒன்று சொல்லுங்கள். (மதுரை)

வேறு பசை சொல்லப்போவதில்லை. இதை இந்தப் பகுதியில் எத்தனையோ தடவை எழுதியாயிற்று, ஆனாலும் எம்-சீல் போட்ட பாட்டில்களின் படம் வந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலான வாஷர் பாட்டில்கள் பாலிஎத்திலீன். அதன் மேல் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. பசைகளையே அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் அடைத்து விற்கிறார்கள், உள்ளே ஒட்டிக்கொள்ளாது என்பதால். எம்-சீல் கல்லாக இறுகும். பாட்டிலோ எஞ்சின் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும். விளிம்பில் பிரிவு விழுந்து, தண்ணீர் அதன் வழியே வந்துவிடும். அதைவிடக் கெடுதல், ஒவ்வொரு பூச்சும் வெடிப்புக்குள் இறங்கி, பின்னால் சரியாகச் செய்ய வருகிறவருக்கு வேலையை இரண்டு மடங்காக்குகிறது. புதிய பாட்டில் எளிதில் கிடைக்காத வண்டிகளில் இப்படி எத்தனை நல்ல பாட்டில்கள் குப்பைக்குப் போகின்றன!

செய்ய வேண்டியது பிளாஸ்டிக் வெல்டிங். போட்டதையெல்லாம் பிளேடால் சுரண்டி, 100-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பிளாஸ்டிக் தெரியவையுங்கள். அடியில் முக்கோணக் குறி இருந்தால் பாருங்கள்: 2 அல்லது 4 என்றால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரோப்பிலீன். குறி இல்லாவிட்டால் விளிம்பில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். இரண்டும் மிதக்கும்; பி.வி.சி. மூழ்கும். பி.வி.சி.யைச் சூடாக்காதீர்கள், புகை நுரையீரலுக்கு ஆகாது.

நிரப்புவதற்கு அதே பிளாஸ்டிக்தான் வேண்டும். பாலிஎத்திலீனுக்கு எஞ்சின் ஆயில் டப்பாவின் அடியில் 2 என்று இருக்கிறதா பார்த்து, 4 மி.மீ. அகலத்தில் பட்டையாக வெட்டி, எண்ணெய் போகக் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படாத விளிம்பில் சிறு துண்டை உருக்கி ஒட்டி, ஆறியதும் இழுத்துப் பாருங்கள். சுத்தமாக உரிந்து வந்தால் பிளாஸ்டிக் வேறு.

பிறகு வெடிப்பின் இரு முனைகளிலும் 2 மி.மீ. துளை. இதை விட்டால் வெடிப்பு வெல்டைத் தாண்டி ஓடும். வெடிப்பின் நெடுக, சுவர்த் தடிமனில் பாதி ஆழத்துக்கு வி வடிவப் பள்ளம் சீவுங்கள். 25 முதல் 40 வாட் சால்டரிங் அயர்ன், தட்டையான பழைய முனை போதும். பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியில் உருகும். அயர்ன் முனையோ 300-ஐத் தாண்டும். ஆகவே ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். புகை வந்தால் பிளாஸ்டிக் கருகுகிறது, அந்த வெல்ட் நிற்காது. முதலில் பள்ளத்தின் அடியை உருக்கிச் சேர்த்து, அதன் மேல் பட்டையை வைத்து, பட்டையும் பாட்டிலும் ஒருசேர உருகும்படி அழுத்தி நகருங்கள். கடைசியில் குறுக்கே நெளிநெளியாக ஒரு ஓட்டம். தானாக ஆறட்டும், தண்ணீரில் முக்காதீர்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பாட்டில் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஸ்பிரிட் கலந்த தண்ணீர் இருந்திருந்தால் இரண்டு முறை அலசிக் காயவைத்த பிறகே சூடு.

ஊசித்துளை மட்டும்தான் என்றால் அரால்டைட்டுக்கு ஒரு வழி உண்டு. நீலச் சுடரை அந்த இடத்தின் மேல் ஒருமுறை சட்டென்று ஓட்டுங்கள். பிளாஸ்டிக் உருகக் கூடாது, மேற்பரப்பு மட்டும் மாற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் பரவ வேண்டும். பரவினால் துடைத்து, காய்ந்த உடனே பூசுங்கள். மூலை வெடிப்புக்கு இது ஆகாது.

கட்டைவிரலால் அழுத்தும்போது பாட்டில் மொறுமொறுவென்று விரிசல் விட்டால் எந்த வெல்டும் வீண். வெயிலும் சூடும் தின்றுவிட்ட பிளாஸ்டிக் வெல்டின் ஓரத்திலேயே உடையும். வேறு பாட்டில் தேடுங்கள்.

கே: மொறிஸ் மைனர். டாஷ்போர்ட்டில் இருக்கிற பம்பைப் பத்துத் தரம் அமத்தினால்தான் தண்ணி வருது, காலடியிலையும் சொட்டுது. போத்தல் வெடிச்சிருக்குமோ? (யாழ்ப்பாணம்)

போத்தலில் குறை இருக்க வாய்ப்பில்லை. மேலிருந்து உறிஞ்சும் போத்தலில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளையே கிடையாது. உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பத்துத் தரம் அமத்த வேண்டியிருப்பது, உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஒருவழி வால்வு பிடிக்காததால். ஒரு பக்கம் மட்டும்தான் ஊத முடிய வேண்டும். இரு பக்கமும் காற்று போனால் வினிகரில் ஊறவையுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் மீன்தொட்டிக்கு விற்கும் ஒருவழி வால்வைப் போத்தலுக்குப் பக்கத்தில் குழாயில் சேர்க்கலாம், அம்புக்குறி பம்பை நோக்கி. காலடிச் சொட்டுக்கு, பம்பில் செருகும் குழாய் முனைகளை ஒரு செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். அமத்தும் குமிழைச் சுற்றி ஈரம் வந்தால் உள்ளே டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது, பம்பையே மாற்றுங்கள்.

கே: சரிவில் நிறுத்தினால் மட்டும் நாசில் வழியே தண்ணீர் வடிந்து போகிறது. (ஏற்காடு)

வண்டியின் முகம் சரிந்தால் நாசில் பாட்டிலின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வந்துவிடுகிறது, சைஃபன். பம்பின் அழுத்தத்தில் மட்டும் திறக்கும், ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வே மருந்து. பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

கே: ஊட்டியில் அம்பாசடர் வெளியில்தான் நிற்கிறது. ஜனவரியில் பாட்டில் வெடித்தது. கூலன்ட் கலந்து வைக்கலாமா? (ஊட்டி)

கூடாது. கூலன்ட் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படியும், எதிர் வண்டியின் வெளிச்சத்தில் பார்வை மங்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டருக்கு ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊட்டி உறைபனிக்குப் போதும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். முக்கால் பாட்டிலுக்கு மேல் ஊற்றாதீர்கள். வெடித்ததை வெல்ட் செய்வதானால் மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அலசிக் காயவைத்த பிறகே சூடு.

கே: ஷாம்பு ஊற்றலாமா? (பலர்)

வேண்டாம். நுரை பம்பில் காற்றடைக்கும், காய்ந்தால் நாசில் அடைபடும். போர் தண்ணீரும் வேண்டாம்.

கே: 1968 பீட்டில். ஸ்பேர் டயரில் 40 பி.எஸ்.ஐ. அடித்தாலும் நாலைந்து நாளில் இறங்கிவிடுகிறது. வாஷர் பாட்டிலிலும் மெல்லிய வெடிப்பு. வெல்ட் செய்யலாமா? (கோவை)

செய்யவே கூடாது. அந்த வண்டியில் மின்பம்ப் கிடையாது. ஸ்பேர் டயரின் காற்றுதான் பாட்டிலை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுகிறது. ஒட்டுப் போட்ட பாட்டில் அழுத்தத்தில் முகத்தில் வெடிக்கலாம். அதற்கென்று செய்த புதிய பாட்டிலைத்தான் வாங்க வேண்டும்.

காற்று இறங்குவதற்குத் தனியாகச் சோதனை வேண்டும். டயர் காற்று சுமார் 26-க்கு இறங்கியதும் காற்றுக் குழாயில் உள்ள வால்வு மூடிக்கொள்ள வேண்டும், ஸ்பேர் டயர் உதவாமல் போகாதிருக்க. அந்த அளவில் நின்றுவிட்டால் கசிவு பாட்டில் பக்கம்: மூடியின் ரப்பர் வளையம், குழாய் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிக் குமிழைத் தேடுங்கள். அதற்கும் கீழே இறங்கினால் வால்வோ டயரோதான். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, டயரை மட்டும் ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.