பீலியடி வாலாட்டி: கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஐப்பசியிலிருந்து கண்ணில் படுவதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். லயத்துப் பீலியடியில் (தண்ணீர் பிடிக்கிற இடத்தில்) வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற மஞ்சள் வயிற்றுக் குருவி, வேலியோரத் தேயிலைப் பூவில் தேனீ, தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் குச்சி நுனியில் இருந்து கரகரவென்று கத்துகிற ஒரு பழுப்புக் குருவி, இந்த மாதம் பள்ளத்தில் விழுந்த உறைபனி, இப்படி. போன கிழமை நுவரெலியா போனபோது விக்டோரியா பூங்காவில் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய கேமராக்களோடு ஒரு குருவிக்காகக் காத்து நின்றார்கள். அந்த மாதிரிக் குருவிகள் எங்கள் தோட்டத்தில் இல்லை. இங்கே தேயிலையைத் தவிர என்ன இருக்கிறது? பெயர்கூடத் தெரியாமல் எழுதும் இந்தக் குறிப்புகளால் யாருக்குப் பயன்? தொடரலாமா, விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்பின் டீச்சருக்கு,

தொடருங்கள். தயவுசெய்து இந்த வருடம் சித்திரை முடியும் வரையாவது விடாதீர்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் அந்தப் பழுப்புக் குருவி. கத்துகிற விதத்தையும் குச்சி நுனியில் இருக்கிற பழக்கத்தையும் பார்த்தால் அது பழுப்புக் கீச்சான். கண்ணை மூடினாற்போல ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெளிறிய புருவம், நுனி வளைந்த தடித்த அலகு, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சைபீரியா, மங்கோலியா, வட சீனப் பக்கம் கூடு கட்டுகிற பறவை இது. இங்கே வந்ததும் ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொள்ளும். அந்தக் கத்தல் இடம் பிடிக்கிற கத்தல்தான். எல்லை முடிவானதும் சத்தம் குறையும். ஐப்பசியில் நீங்கள் எழுதியதையும் இப்போது தையில் எழுதுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது உங்கள் கொப்பியிலேயே தெரியும். காலில் வளையம் மாட்டி ஆராய்ந்தவர்கள், அதே கீச்சான் அடுத்த குளிர்காலமும் அதே இடத்துக்குத் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் கவ்வாத்து மலையில் இருப்பது போன வருடமும் அங்கேயே இருந்த பறவையாக இருக்கலாம்.

விக்டோரியா பூங்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேடி வருவது காஷ்மீர் ஈப்பிடிப்பானை. காஷ்மீரிலும் அதை ஒட்டிய இமயமலைக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் நம் மலைகளுக்கு வரும், பங்குனி கடைசியில் திரும்பும். அழியும் ஆபத்தில் உள்ள பறவை. அதோடு கறுப்பு வெள்ளை நிறத்தில் ஒரு பூங்குருவியும் அங்கே வரும், ஆறுமணிக்குருவியும் வரும். இவை பூங்காவுக்கென்று மட்டும் வருகிறவை அல்ல. பூங்காவில் மனிதருக்குப் பழகிப்போய் கிட்ட நிற்கின்றன, பாதையும் உட்கார வாங்கும் இருக்கின்றன, ஆகவே ஆட்கள் அங்கே போகிறார்கள். ஈப்பிடிப்பான் மரமுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் காட்டோரத்திலும் குளிர்காலத்தைக் கழிக்கும். உங்கள் தோட்டத்தில் ஓடையோரமாக நிழல் விழுகிற மரங்கள் இருக்குமே, அங்கே காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செங்கல் நிறம், ஓரத்தில் கறுப்புக் கோடு. பெண் வெளிறியது. இரண்டும் வாலைத் தூக்கித் தூக்கி வெட்டும். பார்த்தபின் "இல்லை" என்று எழுதினால் அதுவும் ஒரு குறிப்பு. பார்க்காமல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, கேமராவோடு நின்றவர்களால் முடியாதது ஒன்று உங்களால் முடியும். ஒரு பறவை வருவது தானாகக் கண்ணில் படும். நேற்று இல்லாத குருவி இன்று பீலியடியில் நடந்தால் தண்ணீர் பிடிக்க வந்த பிள்ளையே சொல்லிவிடும். போவது அப்படி இல்லை. இல்லாமல் போனதை யாரும் உடனே கவனிப்பதில்லை. "எங்கே அந்த வாலாட்டியைக் காணோம்?" என்று நினைவு வரும்போது அது புறப்பட்டு எத்தனையோ நாள் ஆகியிருக்கும். கடைசியாகக் கண்ட தேதி வேண்டுமென்றால், "இன்றும் இருக்கிறது, இன்றும் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டே இருக்கிற ஒருவர் அந்த இடத்தில் வசிக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய களப் பறவையியல் குழு போன்றவர்கள் எவ்வளவோ வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு லயத்துப் பீலியடியில் தினமும் நிற்க அவர்களால் எப்படி முடியும்? காலநிலை மாறுகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். நம் மலையில் ஒரு பறவை பத்து வருடத்துக்கு முன்னால் எந்த நாளில் புறப்பட்டது, இப்போது எந்த நாளில் புறப்படுகிறது என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு தோட்டத்துக் கொப்பி வேண்டும்.

உங்கள் மஞ்சள் வயிற்றுக் குருவி சாம்பல் வாலாட்டி. குளிர்கால விருந்தாளிகளில் முந்தி வருகிறவற்றில் அதுவும் ஒன்று. ஆவணி, புரட்டாசியிலேயே வந்துவிடும். இப்போது அதன் தொண்டை வெள்ளையாக இருக்கும். மாசி, பங்குனியில் தினமும் தொண்டையைப் பாருங்கள். ஆண் பறவைக்கு அங்கே முதலில் அழுக்குப் பட்டாற்போல கறுப்புப் புள்ளிகள் தெரியும், பிறகு தொண்டை முழுதும் கறுத்துவிடும், வயிற்று மஞ்சளும் அடர்ந்து வரும். இனச்சேர்க்கைக்கான இறகு அது, இங்கேயே முளைத்துவிடுகிறது. தொண்டை கறுத்தால் பயணம் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புள்ளி தெரிந்த நாள், முழுதும் கறுத்த நாள், கடைசியாகக் கண்ட நாள். இந்த மூன்று தேதியையும் எடுக்க விலையுயர்ந்த கேமரா வேண்டாம், பீலியடிக்குப் போய்வந்தால் போதும்.

ஒவ்வொரு பக்கத்திலும் வானிலையையும் எழுதுங்கள். நம் மலைநாட்டில் ஒரே குளிர்காலம் கிடையாது. நான் இருப்பது பசறைப் பக்கம். மார்கழி, தையில் வடகீழ்ப் பருவக்காற்று நேராக எங்கள் சரிவில் மோதும். உங்களுக்கு மேகமே இல்லாத வானமும் உறைபனியும் இருக்கிற அதே காலையில் நாங்கள் இங்கே நாள் கணக்கில் மழையிலும் முகிலிலும் இருப்போம். உங்கள் பக்கம் மலை முதுகுக்கு மறைவில், காற்று வரும்போதே ஈரத்தை எங்களிடம் கொட்டிவிட்டு வருகிறது. அதனால்தான் உங்கள் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் கூடுவது தை முதல் பங்குனி வரை, எங்கள் ஊவாத் தேயிலைக்கு ஆடி முதல் புரட்டாசி வரை. நோயும் அப்படியே. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய் ஈரத்தில் பரவுவது. இங்கே இளம் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைக் கொப்புளம் புடைத்து நிற்கிறது, உங்கள் மலையில் இப்போது குறைந்திருக்கும். மலையகத்தில் தையில் இது பூத்தது, இது பறந்தது என்று பொதுவாக எழுதிவைத்தால் அது பாதிதான் உண்மை. எந்தச் சரிவு என்பதை எழுத வேண்டும்.

உறைபனி பள்ளத்தில் விழுந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோதே, இவர் பார்க்கத் தெரிந்தவர் என்று நினைத்தேன். காற்றில்லாத தெளிந்த இரவில் நிலம் சூட்டை இழந்துவிடும், குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வானிலை அறிக்கையில் துகள் உறைபனி என்பார்களே, அது அங்கேதான் முதலில் பிடிக்கும். அன்று காலை புல்லில் வெள்ளை தெரியும், தேயிலையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் மேல் இலைகள் கருகிச் செம்பு நிறமாகும். நிழல் மரத்துக்குக் கீழே நிற்கிற செடி பெரும்பாலும் தப்பிவிடும். எந்த வரிசை வரை கருகியது, எது தப்பியது என்று பிள்ளைகளை வைத்து ஒரு படமே வரையலாம். குளிர் எந்த வழியாக இறங்கி எங்கே தேங்கியது என்பது அந்தப் படத்தில் வந்துவிடும்.

தேயிலைப் பூவைப் பற்றி. மலையில் பூக்காமல் வேலியோரம் மட்டும் பூப்பதற்குக் காரணம் கொழுந்து எடுப்பதுதான். மொட்டு வருவது முற்றிய கிளையில், இலைக்காம்பின் மடியில். கொழுந்து எடுக்க எடுக்கச் செடி தளிர் விடுவதிலேயே இருக்கும். வேலியோரத்திலும் கைவிட்ட மலைகளிலும் அது தன் போக்கில் மரமாகிப் பூக்கும். ஒரு கிளையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை இதழ், நடுவில் கற்றையாக மஞ்சள் மகரந்தத் தாள்கள், பூ பாதி கீழ்நோக்கிக் கவிழ்ந்து தொங்கும். அதே கிளையில், போன வருடப் பூவிலிருந்து வந்த காய், மூன்று புடைப்போடு இப்போதுதான் முற்றி வெடிக்கும் நிலையில் இருக்கும். பூ காயாகி முற்ற ஒரு வருடம் அளவுக்கு எடுப்பதால் புதுப் பூவும் பழைய காயும் ஒன்றாகக் காணக் கிடைக்கின்றன. அப்புறம் தேனீ. உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறும் வரை பூவுக்கு ஒன்றும் வராது. முதல் தேனீ எத்தனை மணிக்கு வந்தது, அப்போது பூவில் வெயில் பட்டதா என்று எழுதுங்கள். மஞ்சள் கோடு போட்டுக் குளவி மாதிரித் தெரிகிற, கொட்டாத ஒரு ஈயும் வரும். அந்தரத்தில் அசையாமல் நின்று பறப்பதை வைத்து அடையாளம் காணலாம்.

குளவி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யாருக்குப் பயன் என்று கேட்டீர்கள் அல்லவா? கொழுந்து எடுக்கிற அக்காமார் குளவிக்கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற செய்தி நம் பக்கத்தில் ஓயாமல் வருகிறது. உயிர் போனதும் உண்டு. நாம் குளவி என்று ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு உண்டு. மரத்தில் மண் நிறக் காகிதப் பந்து போலக் கூடு கட்டுவது உண்மையான குளவி. உயரமான கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது பெருந்தேனீ, அதில் தேனீக்களே மேலே போர்த்திக்கொண்டிருக்கும். பருந்து கொத்தியதால் கலைந்தது என்று தோட்டத்து ஆட்கள் சொல்வதை வெறும் கதை என்று தள்ள வேண்டாம். தேன் பருந்து அடையைப் பிய்த்துப் புழுவைத் தின்கிற பறவை, குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் சில வருகின்றன. அது அடையைத் தொட்டுவிட்டுப் போன பிறகு கீழே நிற்கிறவர்கள்தான் அகப்படுகிறார்கள். பெருந்தேனீ எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை, பருவத்துக்குப் பருவம் மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இடம் மாறும். எந்த மரத்தில், எந்த நம்பர் மலையில், எந்தத் தேதியில் அடை கட்டியது, எப்போது விட்டுப் போனது, பருந்து எப்போது வட்டமிட்டது என்பதை எழுதிவைத்து, அந்த மலைக்கு ஆள் இறங்குவதற்கு முதல்நாள் கங்காணியிடம் சொல்லுங்கள். தேன் பருந்து தாழ வட்டமிடுகிற நாளில் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்ல நீங்கள் ஒருவர் இருந்தாலே பெரிய காரியம்.

வண்ணத்துப்பூச்சிகளை வெகுவாக எழுத இடமில்லை. சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை போகும். அந்த மாதங்களில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் பறப்பதைக் கண்டால் திசை, நேரம், காற்று எந்தப் பக்கம் என்ற மூன்றையும் குறித்துவிடுங்கள். அவை சிவனொளிபாதமலைக்குச் சாகப் போகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சோதித்துப் பார்க்கத் திசையும் தேதியும்தான் வேண்டும். உங்களுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியில் 2025இல் நெலு என்கிற குறிஞ்சி பூத்ததே, பூத்து முடிந்த செடி காய்ந்து விதை கொட்டும், காட்டுக்கோழி அதைத் தேடி வரும். டயகம வழியாக மேலே போகிற யாராவது இருந்தால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். தெரியாத பூச்சிக்குப் "பச்சை முதுகு, நீளக் கொம்பு, எரபது மர இலையின் அடியில், மாலை" என்று எழுதினால் பின்னால் பெயர் தேடிக்கொள்ளலாம். பெயரை மட்டும் எழுதி, அது என்ன செய்தது என்பதை விட்டுவிட்டால் பின்னால் எங்கே போய்த் தேடுவது? பிள்ளைகள் சொல்வதையும், சொன்ன பிள்ளையின் வகுப்பையும் சேர்த்து எழுதுங்கள். நம் ஆட்கள் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வெயிலிலும் பனியிலும் நின்றவர்கள். அவர்கள் கண்டது எந்தப் பதிவிலும் இல்லை. அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. தமிழில், உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும்.

சித்திரை முடிந்ததும் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். பசறைப் பக்கத்து வாலாட்டிக்கும் கீச்சானுக்கும் நான் எழுதுகிற தேதிகளைத் தருகிறேன். மழைப் பக்கத்தையும் உறைபனிப் பக்கத்தையும் இந்தத் தளத்திலேயே பக்கத்துப் பக்கமாகப் போடுவோம். ஹப்புத்தளை, மஸ்கெலியா, இறாகலைப் பக்கம் இருந்து இதைப் படிக்கிற யாராவது தங்கள் பீலியடியைப் பார்த்து எழுதினால் அதையும் சேர்ப்போம்.

அன்புடன்.