மணியும் கிழமையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் எங்கள் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். மெக்சிகோ, கொலம்பியாக்காரர்கள் அதிகம், ஒருவர் ஸ்பெயின். எண்கள் நன்றாகவே வருகின்றன. மணி கேட்டால் ‘ஆர் த த்ரீ’ என்கிறார்கள். கிழமைகளில் செவ்வாயும் வியாழனும் குழம்புகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவர்கள் பேசும் ஸ்பானிஷில் மூன்று மணிக்கு ‘சோன் லாஸ் த்ரேஸ்’, சொல்லுக்குச் சொல் ‘ஆர் த த்ரீ’. ஒரு மணி மட்டும் ஒருமை, ‘எஸ் லா உனா’. இரண்டிலிருந்து எல்லாம் பன்மை. அங்கே ‘இட்’ போன்ற எழுவாயும் வராது. ‘ஆர் த த்ரீ’ இப்படித்தான் பிறக்கிறது. இலக்கணம் விளக்க வேண்டாம். ‘இட்ஸ் ஒன்’, ‘இட்ஸ் டூ’ என்று பன்னிரண்டு வரை ஒரே மூச்சில் சொல்லவையுங்கள், ‘இட்ஸ்’ தானாக ஒட்டிக்கொள்ளும்.

நிமிடங்களுக்கு முதலில் ‘த்ரீ ஃபார்ட்டி ஃபைவ்’ போதும். பேருந்துக்கும் மருத்துவருக்கும் அதுவே உதவும். ‘குவார்ட்டர் டு ஃபோர்’ பிறகு வரட்டும். அதை ஸ்பெயின்காரர் ‘ஃபோர் மைனஸ் குவார்ட்டர்’ என்பார், அவர் ஊரில் ‘லாஸ் குவாத்ரோ மெனோஸ் குவார்த்தோ’. மெக்சிகோக்காரர் ‘குவார்த்தோ பாரா லாஸ் குவாத்ரோ’ என்று ஆங்கில வரிசையிலேயே சொல்பவர். ‘பாரா’ இடத்தில் ‘டு’ வைத்தால் முடிந்தது. ஆகவே யார் எந்த நாடு என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ‘குவார்ட்டர் டு’ சொல்லித்தர, இரு முட்களும் சேர்ந்து நகரும் பல்சக்கரம் உள்ள பயிற்சிக் கடிகாரம்தான் வேண்டும். முட்கள் தனித்தனியாகச் சுழலும் அட்டைக் கடிகாரத்தில் பெரிய முள் 9-க்குப் போன பிறகும் சின்ன முள் 3-லேயே நிற்கும். நான்கு ஏன் வந்தது என்று யாருக்கும் புரியாது.

‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் காதால் பிரிக்கப் பழக்குங்கள். முன்னதில் அழுத்தம் கடைசியில், பின்னதில் தொடக்கத்தில். நீங்கள் சொல்ல, அவர்கள் 3:15, 3:50 என்று எழுத வேண்டும். மருத்துவமனைக்கு நேரம் தவறிப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

வியாழனுக்கான ‘தர்ஸ்டே’யின் முதல் ஒலி லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷில் கிடையாது, அதனால் ‘டர்ஸ்டே’ ஆகி செவ்வாயின் ‘டியூஸ்டே’யை நெருங்கிவிடுகிறது. நாக்கு நுனி பற்களுக்கிடையே தெரிய வேண்டும். கையில் கண்ணாடி கொடுங்கள். ஸ்பெயின்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒலி தாய்மொழியிலேயே உண்டு. ஆனால் அவருக்கு வேறு கண்ணி இருக்கிறது. ஸ்பெயின் நாட்காட்டி திங்களில் தொடங்கும். இரண்டாவது கட்டம் செவ்வாய், தலைப்பில் ‘மார்த்தேஸ்’ என்பதன் ‘எம்’. அமெரிக்க நாட்காட்டி ஞாயிறில் தொடங்குவதால் அதே இரண்டாவது கட்டம், அதே ‘எம்’, திங்கள்! எனவே பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, அமெரிக்க நாட்காட்டித் தாளையே கொடுத்து, சொல்லும் கிழமையில் விரலை வைக்கச் சொல்வது மேல்.

திங்களை ‘எல்’ (‘த’) சேர்த்து ‘எல் லூனெஸ்’ என்று சொல்லும் பழக்கத்தில் ‘த மண்டே’ என்பார்கள். ‘ஆன் மண்டே’ என்று சேர்த்தே கற்றுக்கொடுங்கள். மாலை ஏழு மணியை ‘செவன் இன் தி ஆஃப்டர்நூன்’ என்றால், இருட்டும்வரை அவர்களுக்கு ‘தார்தே’தான், அதாவது பிற்பகல். இதை இப்போதைக்கு விட்டுவிடலாம், ‘பி.எம்.’ போதும்.