வேலையைக் கொண்டுவாருங்கள், விலையையும் சொல்லுங்கள்: மலை ஓவியர்களின் இணையச் சந்திப்பு பற்றிக் கேள்வி பதில்

கோத்தகிரியில் இருந்துகொண்டு நீர்வண்ணத்தில் வரைகிறேன். நீலகிரியிலும் பழனி மலையிலும் சிதறிக் கிடக்கும் ஓவியர்கள் மாதம் ஒருமுறை திரைவழியே கூடித் தொழில் பேசுகிறோம். அந்தச் சந்திப்பை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. கொடைக்கானல்காரர் ஊட்டிக்கு வரவேண்டுமானால் பழனிக்கு இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, மேட்டுப்பாளையத்தில் மறுபடி மலையேற வேண்டும். இந்தக் கூடல் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேரின் முகமே தெரிந்திருக்காது. சேர நினைப்பவர்களும் ஏற்கெனவே இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து: அக்கா, நானும் சில ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்து பார்த்துட்டேன். படத்தைக் காட்டினா எல்லாரும் "சூப்பர்", "செம"ன்னு சொல்றாங்க. அதை வச்சு நான் என்ன பண்றது?

ஒன்றும் பண்ண முடியாது. பாராட்டு மனசுக்கு நல்லது, அடுத்த படத்துக்கு அது போதாது. எங்கள் சந்திப்பில் ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குகிறோம். ஒரு மாலையில் இரண்டு படம், மிஞ்சினால் மூன்று. வரைந்தவர் முதலில் தன் சந்தேகத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டும். "எப்படி இருக்கு?" என்பது சந்தேகம் ஆகாது. "பின்னாடி இருக்கிற மலை முன்னாடி வந்து நிக்குதா?" என்று கேட்டால் அது சந்தேகம்.

அதன் பிறகு அவர் மைக்கை அணைத்துவிட வேண்டும். மற்றவர்கள் கண்ணில் பட்டதை மட்டும் சொல்வார்கள்: பார்வை முதலில் எங்கே போனது, எங்கே நின்றது, எங்கே வழி தெரியாமல் வெளியே போனது. நல்லது, கெட்டது என்ற பேச்சே அப்போது கிடையாது. தேயிலைத் தோட்டத்தை வரைந்த ஒருவர், கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் தன் படத்தின் உயிர் என்று நினைத்திருந்தார். ஆனால் எங்கள் எல்லோர் கண்ணும் மூலையில் இருந்த, தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீட்டின் சிவப்புத் தகரக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அத்தனை பச்சைக்கு நடுவே ஒரு பொட்டுச் சிவப்பு இருந்தால் கண் வேறெங்கே போகும்? யாரும் அவருக்கு யோசனை சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொண்டார்.

கடைசி ஐந்து நிமிடம் மட்டும், வரைந்தவர் "சொல்லலாம்" என்றால் யோசனை சொல்வோம். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். இந்த வரிசை குலைந்தால் குரல் பெரிதாக உள்ளவர்கள் மட்டும் பேசுவார்கள், கூச்சப்படுகிறவர்கள் அடுத்த மாதம் வரமாட்டார்கள். வரிசையைக் கட்டிக்காக்கத்தான் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் தேவைப்படுகிறார்.

கூடலூரிலிருந்து: ஜூன், ஜூலையில கரன்ட்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது. நான் சேர்றதுல அர்த்தம் இருக்கா?

இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குறைந்த டேட்டாவில் ஓடும். படங்களை முதல் நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம், அதனால் திரை உறைந்தாலும் படம் உங்கள் கையில் இருக்கும். உங்கள் படத்துக்கான நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அடுத்த மாதம் முதல் இடம் உங்களுக்குத்தான்.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: என் படத்தின் பச்சை, உங்க ஸ்கிரீன்ல நீலமா தெரியுதுன்னு போன தடவை சொன்னீங்க. என்ன செய்யணும்?

மூன்று இடத்தில் நிறம் கெடுகிறது. முதலாவது, எடுக்கும் இடம். மஞ்சள் பல்புக்குக் கீழே எடுக்காதீர்கள். மலையில் நமக்கு ஒரு வரம் உண்டு: வானம் மூடிய நாளின் வெளிச்சம். நிழலும் பளபளப்பும் இல்லாமல் படம் முழுக்கச் சமமாக விழும். ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துச் செய்வதை நம் வராந்தா இலவசமாகவே தருகிறது. படத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். போனும் படமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கட்டும். கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும், ஆகவே தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். படத்தின் ஓரத்தில் எதுவும் வரையாத வெள்ளைத் தாள் துண்டு ஒன்று தெரியட்டும். அந்தத் துண்டு திரையில் நீலமாகத் தெரிந்தால் படமும் அந்த அளவுக்கு நீலம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும்.

இரண்டாவது, அனுப்பும் வழி. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோ அழைப்பிலும் படம் சுருங்கித்தான் வருகிறது. மூன்றாவது, பார்ப்பவர் திரை. இரவு நேரத்து மஞ்சள் வடிகட்டியை அணைக்காமல் நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அச்சுக்கும் இதே படத்தைப் பயன்படுத்த நினைத்தால் ஒரு கணக்கு: ஏ4 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் 2480க்கு 3508 பிக்சல் தேவை. 12 மெகாபிக்சல் போன் அதற்குப் போதும். ஏ2 அளவுக்குப் போதாது, ஸ்கேன் செய்யத்தான் வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து: ரிசார்ட்டில் பெரிய சுவர் ஒன்று வரையக் கேட்கிறார்கள். சதுர அடிக்கு எவ்வளவு சொல்வது? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்காகவே இப்படிப்பட்ட சந்திப்புகள் நடக்க வேண்டும் என்பேன். ஓவியக் கல்லூரியில் உடற்கூறு சொல்லித்தருகிறார்கள், பில் போடச் சொல்லித்தருவது அபூர்வம்.

நாங்கள் விலை பேசும் முறை இது. ஒரே சுவர், ஒரே அளவு என்று ஒரு மாதிரி வேலையை முன்வைப்போம். ஒவ்வொருவரும் தான் கேட்கும் தொகையைத் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் கேமராவுக்குக் காட்ட வேண்டும். மூத்தவர் எண்ணைப் பார்த்துவிட்டு இளையவர் தன் எண்ணைக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து ஒவ்வொரு முறையும் எல்லோரும் வாயடைத்துப் போகிறோம். அதிகம் கேட்பவர் பேராசைக்காரரில்லை, சாரம் கட்டும் செலவையும் தங்கும் செலவையும் கணக்கில் சேர்த்தவர். குறைவாகக் கேட்டவர் அவற்றைத் தன் கூலியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆகவே பெயின்ட், பிரைமர், சாரம், உதவியாள், போக்குவரத்து, தங்குமிடம், உங்கள் நாள்கூலி என்று தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். கடைசியில்தான் சதுர அடியால் வகுக்க வேண்டும். முதலிலேயே சதுர அடி விலையைச் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே தொடங்கிவிடும்.

சுவரை மழைக்காலத்தில் ஒருமுறை பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலைப் பக்கம் ஒட்டிய சுவரில் ஓதம் ஏறும், ஒரே வருடத்தில் வண்ணம் பொரிந்து உதிரும். சுவரின் ஈரம் உங்கள் பொறுப்பல்ல என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது காப்புரிமை. நம்மில் பலரும், "நான் வரைஞ்சேன், உரிமை எனக்குத்தானே" என்று நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, கேட்டு வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்தச் சுவர் ஓவியத்தை ரிசார்ட்டுக்காரர் நாளைக்குக் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் அச்சடித்து விற்றால் உங்களால் பணம் கேட்க முடியாமல் போகலாம். இதைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும்: "இந்த ஓவியத்தின் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், விடுதி தன் சுவரில் வைத்துக்கொள்ளவும் விடுதியின் விளம்பரத்தில் படமாகக் காட்டவும் அனுமதி உண்டு." இருவரும் கையெழுத்திட வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன்பே.

உரிமையை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் எத்தனை வருடம், எந்த ஊர் என்பதைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாமல் விட்டால் 19ஆம் பிரிவின்படி காலம் 5 ஆண்டு, எல்லை இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்ளப்படும். உரிமையைக் கொடுத்த பிறகும் ஓவியத்தை வரைந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். தொகை பெரிதாக இருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து, போர்டு எழுதும் மூத்த கலைஞர் ஒருவர்: தொழில் நுணுக்கத்தையும் ரேட்டையும் எல்லாருக்கும் சொல்லிட்டா, நாளைக்கு என் வேலையை அவனே எடுத்துக்குவான் இல்லையா அம்மா?

ஐயா, இந்தப் பயம் நியாயமானது. சீசனில் வரும் வேலையை வைத்துத்தான் பலருக்கு வருடம் ஓடுகிறது. ஆனால் நம் வேலையைப் பறிப்பது நம் ரேட் தெரிந்தவரைவிட, அது தெரியாமல் பாதி விலைக்கு ஒப்புக்கொள்பவர்தான்.

1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் சேர்ந்து செய்து விற்று, அந்த வருமானத்தைக் கொண்டு ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். போட்டியாளர்களாக இருந்திருக்கக் கூடியவர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தார்கள். உங்கள் எழுத்தின் வளைவு உங்கள் கையில்தான் இருக்கிறது, அதை யாரும் திரைவழியே எடுத்துப்போக முடியாது. நீங்கள் எதைச் சொல்ல விரும்பவில்லையோ அதைச் சொல்ல வேண்டாம். வந்து உட்காருங்கள், போதும்.

கோத்தகிரிப் பக்கத்து ஊரிலிருந்து: நான் ஆலு குறும்பர் பழங்குடி. எங்க ஓவியத்தை ஆன்லைனில் சொல்லித்தரச் சொல்லிப் பலர் கேக்குறாங்க அக்கா. செய்யலாமா?

தம்பி, இதற்கு என்னால் 'ஆம்', 'இல்லை' என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளரிக்கொம்பைப் பாறையில் இருக்கும் ஓவியங்களை உங்கள் முன்னோர் வரைந்ததாகச் சொல்கிறீர்கள். செம்மண், வெள்ளை மண், கரி, இலைச்சாறு, வேங்கைப் பிசின் என்று காடே உங்கள் வண்ணப்பெட்டி. இதில் எதை வெளியாருக்குக் காட்டலாம், சடங்கோடு சேர்ந்தது எது, பிசின் எடுக்கும் இடத்தைச் சொல்லலாமா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். நீங்கள் வரைந்த ஒரு படத்துக்குக் காப்புரிமைச் சட்டம் துணை நிற்கும், ஆனால் ஒரு சமூகத்தின் வரையும் பாணிக்கு அது வேலி போடாது. தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப்பட்ட வழிகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குக் காலம் பிடிக்கும். ஒருமுறை பதிவாகி வெளியே போன வீடியோவைத் திரும்ப வாங்க முடியாது.

எங்கள் சந்திப்பில் பேச வந்தால் பதிவு செய்ய மாட்டோம், பேசுவதற்கு உரிய தொகை கொடுப்போம், சமூகத்தின் பெயரைச் சொல்லாமல் யாரும் மேற்கோள் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்வோம். வேறு யார் கூப்பிட்டாலும் இதே மூன்றையும் கேளுங்கள். இலவசமாகச் செய்தால் "அறிமுகம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: 2018ல குறிஞ்சி பூத்தப்போ வரைஞ்ச படம். ஊதாவெல்லாம் இப்போ வெளுத்த நீலமாயிடுச்சு. ஏன்?

ஓபரா பிங்க் கலந்தீர்களா? குறிஞ்சியின் அந்த ஒளிர்வுக்கு அதைத்தான் பலரும் எடுக்கிறார்கள். அதில் இருக்கும் ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும். சிவப்புப் பங்கு வெளுத்ததும் நீலம் மட்டும் நிற்கிறது. டியூபின் பெயரை நம்பாமல் பின்னால் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். பி.வி.19 என்று போட்ட குவினாக்ரிடோனையும் பி.பி.29 அல்ட்ராமரீனையும் கலந்தால் நல்ல ஊதா வரும், நெடுநாள் நிற்கும். பி.ஆர்.83 போட்ட பழைய அலிசரின் கிரிம்சனை விற்கும் படத்தில் தொடாதீர்கள்.

உயரம் கூடக்கூடப் புற ஊதா வெளிச்சமும் கூடும், ஆகவே மலையில் வெளுப்பது சீக்கிரம். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள வண்ணங்களைத் தாள் பட்டையில் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைக்க வேண்டும். பிறகு எல்லாப் பட்டைகளையும் ஒரே மாலையில் காட்டினால், தனியாள் வாங்கிச் சோதிக்க முடியாத அளவு வண்ணங்களைப் பற்றித் தெரிந்துவிடும். அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்குள் நம் வண்ணத்தட்டைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஊட்டியிலிருந்து: ஜூலையில தாள்ல பூஞ்சை பிடிக்குது. என்ன வழி?

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளிச்சுவர் ஓரத்தில் தாளை அடுக்காதீர்கள். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். படத்துக்குச் சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். மேலடுக்குப் பூசும் முன் புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது.

தாண்டிக்குடியிலிருந்து: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. செய்முறை காட்ட ஆசை, ஆனால் போனை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

வளையும் கழுத்துள்ள போன் ஸ்டாண்டு ஒன்றை மேசை விளிம்பில் மாட்டி, போன் தாளை நேர் மேலிருந்து பார்க்கும்படி வையுங்கள். நீங்கள் வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், கையின் நிழல் தாளில் விழாது. போனைச் சார்ஜில் செருகிவிடுங்கள். இலவசக் கணக்கில் ஜூம் செயலி 40 நிமிடத்தில் நின்றுவிடும், அதனால் செய்முறையை முப்பது நிமிடத்துக்குள் திட்டமிட்டுக்கொள்ளலாம். முந்தின நாள் மாலை என்னைக் கூப்பிடுங்கள் ஐயா, இருவரும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம்.