நாலு விரல் என்றால் எவ்வளவு?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன். மாத வாடகை 3,200 ரிங்கிட். தைப்பூசத்துக்கு முதல் நாள், வெள்ளி ரதத்துக்குத் தேங்காய் உடைக்க வந்திருந்தார் கட்டட உரிமையாளரான சீனத் தவுக்கே (முதலாளி). நல்ல மனநிலையில் இருப்பார் என்று நானே வாடகைப் பேச்சை எடுத்தேன். உறுமிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நாலு விரலைக் காட்டினார். 400 கூடுதல் கேட்கிறார் என்று தலையாட்டினேன். இப்போது மாதம் 4,000 என்கிறார். இது செல்லுமா?
- ஒரு வாசகர், பினாங்கு

பதில்: முதலில் ஆறுதலான சேதி. ஒப்பந்தச் சட்டம் 1950, 13ஆவது பிரிவின்படி, இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். அவர் மனத்தில் 4,000, உங்கள் மனத்தில் 3,600. அப்புறம் எங்கே சம்மதம்? ஆனால் ‘எழுத்தில் இல்லையே’ என்று மட்டும் வாதாடப் போகாதீர்கள். மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகைக்கு நம் நிலச் சட்டத்தில் வாய்ப்பேச்சே போதும்.

சரி, உறுமி மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? அது உங்கள் கடைக்குள் வந்து அடிக்கவில்லையே. தேங்காய்ச் சில்லு காலில் குத்தும் தெருவில் நின்று வாடகை பேசப் போனது நீங்கள். சாமி கும்பிட வந்தவர் இளகியிருப்பார், அந்தச் சூட்டோடு முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டீர்கள். அவரோ தேங்காயோடு தன் கணக்கையும் கொண்டுவந்திருக்கிறார்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றிலும் மாடு கத்தும், ஆள் கத்துவான். பேரம் மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். பிடித்த விரல் நூறா ஆயிரமா என்பது இருவருக்கும் தெரியும், அதனால்தான் அந்த முறை ஓடுகிறது. உங்களுக்கு அது தெரியவில்லை, கேட்கவும் இல்லை. ‘கேட்கலை தவுக்கே, நாளைக்கு வாறேன்’ என்று காதைத் தொட்டுக் காட்ட எவ்வளவு நேரமாகும்? கேட்டதுபோல் தலையாட்டினீர்கள். அதுவும் நம்மவர் தலையாட்டல்! அது ஆமாவா, இல்லையா, பார்க்கலாமா என்று கட்டிய மனைவிக்கே பாதி நாள் விளங்குவதில்லை.

13ஆவது பிரிவைப் பையிலேயே வைத்திருங்கள். நாளைக்கும் அதே கடையில்தான் நீங்கள் துணி விற்க வேண்டும். காலையில் கூட்டமில்லாத கோப்பிக்கடைக்கு அவரை அழைத்து, “அன்றைக்கு 400 என்றுதான் புரிந்துகொண்டேன்” என்று நேராகச் சொல்லுங்கள். 3,600 என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். விரல் வேண்டாம். பேசி முடிந்ததும், எழுந்திருக்கும் முன்பே, தொகை, தொடங்கும் மாதம், எத்தனை ஆண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி அவரிடம் ‘ஓகே’ வாங்குங்கள். பிறகு ஒப்பந்தம் எழுதி முத்திரை வரியும் கட்டிவிடுங்கள்.

அவர் 3,800இல் வந்து நின்றால் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் 200, தலையாட்டியதற்கான கூலி.