விலை விழும்போது யார் தலையில் இறங்குகிறது? உலகமயமாக்கல் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்தியவன் என்பதால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் உலகமயமாக்கல் பற்றி என்னிடம் நிறையக் கேட்டிருந்தார்கள். லாபம் யாருக்குப் போகிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். சந்தை கவிழும்போது நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கடலூர், கல்லூரி மாணவர்: சார், 1991க்கு முன்னால் நாடு நன்றாகத்தானே இருந்தது? எதற்காகச் சந்தையைத் திறந்துவிட்டார்கள்?

நன்றாக இல்லை தம்பி. 1991 நடுவில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும். ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அந்த மாதம் 24ஆம் தேதி நிதியமைச்சர் மன்மோகன் சிங் போட்ட பட்ஜெட்டோடு சந்தையைத் திறக்கும் புதிய கொள்கை வந்தது. வறுமையைக் கணக்கிட மத்திய அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் கணக்குப்படி 1993-94ல் நூற்றுக்கு 45 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், 2011-12ல் 22 பேர். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கிடைத்த வேலை நிலைக்குமா, மழைக்காலத்திலும் கூலி வருமா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

பண்ருட்டி அருகே, முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்: அண்ணே, நம்ம மண்ணிலேயே கொட்டை விளையுது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏன் இறக்குறாங்க? அதனாலதானே எங்களுக்கு விலை கிடைக்கல?

பாதி உண்மை. நம் கொட்டை கோடையில் சில மாதங்கள்தான் வரும். அதை மட்டும் நம்பினால் உடைக்கும் ஆலைகள் வருஷத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவு பக்கம் வரவு பிப்ரவரி வாக்கில் தொடங்கும்; தான்சானியாவில் அக்டோபருக்கு மேல். இவை வருவதால்தான் பண்ருட்டி வட்டாரத்தில் வருஷம் முழுக்க வேலை ஓடுகிறது. இறக்குமதியை அடியோடு நிறுத்தினால் உங்கள் கொட்டையை வாங்குகிற ஆலைதான் முதலில் மூடும்.

சிக்கல் வேறிடத்தில். உங்கள் தோப்பு வாசலில் வியாபாரி சொல்லும் விலை டாலரையும் வியட்நாமையும் பார்த்துச் சொல்லும் விலை. இயந்திரத்தை நம்பி இறங்கிய வியட்நாம் 2000களின் நடுவிலேயே முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. 2017ல் உச்சத்தில் இருந்த விலை 2018ல் சரிந்தது. அப்போது தான்சானியாவில் வியாபாரிகள் கேட்ட விலை மிகக் குறைவு என்று, அந்த நாட்டு அரசு ராணுவத்தை இறக்கிக் கொட்டையைக் கொள்முதல் செய்தது. அதே 2018ல் நம் மத்திய பட்ஜெட் கொட்டை மீதான இறக்குமதி வரியை 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆக்கியது. ஆலைக்காரருக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. தானே புயலில் 2011 டிசம்பரில் மரங்களைப் பறிகொடுத்து, ஒட்டுக்கன்று வைத்துக் காத்திருந்த விவசாயியை யாரும் கேட்கவில்லை. நம் அறுவடை மாதங்களில் மட்டும் வரியைக் கூட்டி, மற்ற மாதங்களில் குறைத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும். இதை நான் பல இடங்களில் சொல்லி வருகிறேன்.

காடாம்புலியூர்ப் பக்கம், வீட்டில் கொட்டை உடைக்கும் பெண்: ஐயா, பருப்பு விலை எங்கேயோ போயிடுச்சு. எங்க கூலி மட்டும் ஏன் ஏறல? கைத்தோல் உரிஞ்சதுதான் மிச்சம்.

அம்மா, உங்கள் கேள்விதான் இதில் முதலில் வந்திருக்க வேண்டும். கேரளத்தில் கொல்லம் ஒரு காலத்தில் முந்திரித் தொழிலின் தலைநகரம். அங்கே பெண்கள் சங்கம் கட்டினார்கள். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் வாங்கினார்கள். முதலாளிகள் பலர் கூலி குறைவான தமிழ்நாட்டுப் பக்கம் வேலையை நகர்த்தினார்கள். நாடு விட்டு நாடு போகிற மூலதனம் மாநிலம் விட்டு மாநிலமும் போகும். வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டால் வருகைப் பதிவேடு கிடையாது. பதிவேடு இல்லாத இடத்தில் கூலி உயர்வை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? போதாததற்கு, கூட்டிக் கேட்டால் இயந்திரம் வாங்கிவிடுவோம் என்ற மிரட்டலும் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் கைக்கு ஒரு பலம் உண்டு. முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் விலை வித்தியாசம் பெரிது. உடையாமல் எடுப்பது கைப்பழக்கம். தனித்தனியாகக் கேட்காமல், தெருவோடு சேர்ந்து முழுப்பருப்புக்குத் தனிக் கூலி கேளுங்கள். கையைப் புண்ணாக்கும் அந்தக் கொட்டை ஓட்டின் எண்ணெய் வீண் பொருள் இல்லை. பெயின்ட்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் போகிற சரக்கு, ஏற்றுமதியும் ஆகிறது. அதை விற்றுக் காசு பார்ப்பவர் கையுறை வாங்கிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டு நீங்களே சமாளிக்க வேண்டியதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

புதுச்சேரி, முன்னாள் மில் தொழிலாளியின் மகன்: ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லை மூடியது உலகமயமாக்கல்தானே?

அதுவும் ஒரு காரணம். ஆனால் புதுச்சேரி ஆலைகள் பிறந்ததே கடல் கடந்த சந்தைக்காகத்தான். இங்கே சாயமேற்றிய நீலத்துணி பிரெஞ்சுக்காரர் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கா போனது. 1898ல் தொடங்கிய ஏ.எஃப்.டி.யும் அந்த உலகத்தின் பிள்ளை. 1954ல் பிரெஞ்சு ஆட்சி போனபோது அந்தச் சந்தையும் கைவிட்டுப் போனது. பிறகு விசைத்தறிப் போட்டி, பழைய இயந்திரம், முதலீடு போடாத நிர்வாகம், தானே புயல். 2020 ஏப்ரல் 30ல் மூடினார்கள். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் உயிர் கொடுத்து எட்டு மணி நேர வேலை பெற்ற ஊர் இது. அந்த ஊரில் இன்று பலருக்கு எட்டு மணி நேரம் என்பதே எட்டாத பேச்சாக இருப்பது எனக்கு வலிக்கிறது.

விருத்தாசலம், விவசாயி: மணிலா (நிலக்கடலை) போட்டால் கட்டுப்படி ஆகலையே, ஏன்?

1990களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாம் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்தோம். 1994ல் பாமாயில் இறக்குமதியைத் தளர்த்தினார்கள். இன்று நாடு பயன்படுத்தும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2022 ஏப்ரலில் இந்தோனேசியா ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியபோது நம் அடுப்படி வரை நடுங்கியது. ரேஷனில் கடலை எண்ணெய் கொடுங்கள் என்ற விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. உங்கள் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வி.ஆர்.ஐ. கடலை ரகங்களுக்கு உறுதியான கொள்முதல் இருந்தால் மணிலா திரும்ப வரும்.

புதுச்சேரி, ஆசிரியை: நம் பண்பாடு இதில் கரைந்துவிடாதா?

வெளியிலிருந்து வருவது நமக்குப் புதிதல்ல. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மிளகாயும் முந்திரியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கரைந்துவிடுவோம் என்ற பயம் எனக்கு இல்லை.

பரங்கிப்பேட்டை அருகே, இறால் குளம் வைத்திருக்கும் இளைஞர்: அடுத்த பருவம் வனாமி இறால் விடலாமா சார்?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறால் உள்ளிட்ட நம் சரக்கு மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. அப்போது போட்டிக்காரரான ஈக்வடாருக்கு 15 சதவீதமாகத்தான் இருந்தது. அந்த வரி ஏறும், இறங்கும், உங்கள் கையில் இல்லை. அதனால் எல்லாக் குளத்திலும் ஒரே நேரத்தில் குஞ்சு விடாதீர்கள். தீவனத்தைக் கடனில் கொடுப்பவரிடமே இறாலையும் விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் சிக்காதீர்கள், விலை விழுந்தால் அவர் தப்பித்துக்கொள்வார். சீக்கு வந்தது என்று யாராவது ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குளத்தில் கொட்டாதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் போன்ற மருந்தின் மிச்சம் இறாலில் தெரிந்தால் கன்டெய்னரையே திருப்பி அனுப்புவார்கள். குளத்தைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்துவிட்டு, பாதிக் குளத்தில் தொடங்குங்கள்.