கேள்வி பதில்: உடம்புக்கு வயசாவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் எல்லை ஊர்களிலிருந்து தமிழ் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

"செல் பிரியப் பிரிய டெலோமியர் குட்டையாகும், அது தீர்ந்தால் ஆயுளும் தீர்ந்தது என்று டியூஷனில் எழுதிக் கொடுத்தார்கள். பரீட்சையில் அப்படியே எழுதலாமா?"
– பிளஸ் டூ மாணவி, கொழிஞ்சாம்பாறை

முதல் பாதியை எழுதுங்கள். இரண்டாம் பாதி தவறு.

குரோமோசோமின் இரண்டு முனையிலும் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து டிஎன்ஏ தொடர் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் டெலோமியர். டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி வெறும் இடத்தில் வேலையைத் தொடங்காது. சிறு ஆர்என்ஏ துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கும். வேலை முடிந்ததும் அந்தத் துண்டு நீக்கப்படும். நடுவில் விழுந்த ஓட்டைகளை அடைத்துவிடலாம். கடைக்கோடி முனையில் விழுந்ததை அடைக்கப் பிடிமானம் இல்லை. இதனால் ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 50 முதல் 100 எழுத்து குறைகிறது. கண்ணாடிக் குடுவையில் வளர்த்த மனிதத் தோல், நுரையீரல் நாரிழைச் செல்கள் ஏறக்குறைய 50 முறை பிரிந்ததும் நின்றுவிடும். லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-இல் காட்டியது இதைத்தான்.

அப்படி நின்ற செல் சாவதில்லை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அது உயிரோடு இருந்துகொண்டு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுற்றிலும் கசியவிடும். இளம் வயதில் நோயெதிர்ப்புச் செல்கள் இவற்றைத் தேடி அப்புறப்படுத்தும். வயது ஏற ஏற அந்தத் துப்புரவு மந்தமாகிறது, கெட்டது சேர்கிறது.

ஆயுளை டெலோமியர் மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இரண்டு சான்று போதும். ஆய்வக எலியின் டெலோமியர் நம்முடையதைவிட நீளம், ஆனால் எலி வாழ்வது இரண்டு மூன்று ஆண்டு. நம் மூளை நரம்புச் செல்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகு பிரிவதே இல்லை, இருந்தும் அவை மூப்படைகின்றன. பிரியாத செல்லில் மூப்பு வேறு வழியில் வருகிறது: புரதங்கள் மடிப்பு குலைந்து சேர்கின்றன, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது, டிஎன்ஏவில் பட்ட காயங்கள் குவிகின்றன. 2013-இல் வெளிவந்த புகழ்பெற்ற தொகுப்புக் கட்டுரை மூப்பின் அடையாளங்கள் ஒன்பது என்றது, 2023-இல் அதே ஆசிரியர்கள் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். டெலோமியர் தேய்வது அதில் ஒன்று.

"டெலோமியரை நீட்டிவிட்டால் என்ன?" என்று அடுத்த கேள்வி வரும். நீட்டும் நொதி டெலோமரேஸ். 1984-இல் ஒரு குளத்து ஒருசெல் உயிரியில் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் அதைக் கண்டார்கள், 2009-இல் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து நோபல் கிடைத்தது. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பிரிவதும் இதே நொதியை முடுக்கிக்கொண்டுதான். பிரிவுக்கு உள்ள வரம்பு, மூப்புக்குக் காரணமாகிற அதே நேரத்தில் புற்றுநோய்க்குத் தடையாகவும் நிற்கிறது.

"அப்புச்சி பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார். கண் தசை தளர்ந்துவிட்டதா? பயிற்சி செய்தால் சரியாகுமா?"
– பத்தாம் வகுப்பு மாணவர், வேலந்தாவளம்

தசையைவிடப் பெரிய குற்றவாளி கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்). கண் வில்லை ஆயுள் முழுக்கப் புதுப் புது அடுக்குகளை வெளிப்பக்கம் சேர்த்துக்கொண்டே போகும், பழையதை உதிர்க்காது. உள்ளே இருக்கும் நார்ச்செல்களுக்கு உட்கரு இல்லை, புதுப் புரதம் செய்யவும் வழியில்லை. உங்கள் அப்புச்சியின் வில்லை நடுவில் இருக்கும் புரதம் அவர் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டானது. அது இறுகிவிட்டதால் தசை இழுத்தாலும் விட்டாலும் வில்லை குவிந்து கொடுப்பதில்லை. பயிற்சியால் இது மாறாது, கண்ணாடிதான் வழி.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பஸ் டிக்கெட் அளவு எழுத்துள்ள அட்டை ஒன்று, மரத்தாலான மீட்டர் அளவுகோல் ஒன்று போதும். தூரப் பார்வைக் கண்ணாடி இருந்தால் போட்டிருக்கட்டும், படிக்கும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடட்டும், அழுத்த வேண்டாம். அளவுகோலின் முனையைக் கன்ன எலும்பில் வையுங்கள், கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. எழுத்து தெளிவாகத் தெரியும் தூரத்திலிருந்து அட்டையை மெதுவாக அருகே நகர்த்தி, மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் குறியுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். நூறை அந்தச் சென்டிமீட்டரால் வகுத்தால் கண்ணின் குவிக்கும் திறன் டயாப்டர் என்ற அலகில் வரும்.

பத்து வயதில் சுமார் 7 செ.மீ., இருபதில் 10, நாற்பதில் 22, ஐம்பதில் 40, அறுபதில் ஒரு மீட்டர் அளவுக்கு இது தள்ளிப்போகும். அறுபது தாண்டியவருக்கு மீட்டர் கோல் போதாமலும் போகலாம். வகுப்பில் செய்யும்போது எல்லோரையும் ஒரே வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். முற்றத்து வெயிலில் கண்மணி சுருங்கும், அப்போது அருகில் உள்ளதும் தெளிவாகத் தெரிந்து அளவு ஏமாற்றும். எந்தத் தூரத்தில் வைத்தாலும் புகை மூட்டமாகத் தெரிந்தால் அது புரையாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பரம்பிக்குளம் கன்னிமரா தேக்கு 450 வருஷம் நிற்கிறது. குடைப்பனை ஒரே தடவை பூத்துச் சாகிறது. மரத்துக்கு மூப்பு உண்டா இல்லையா?"
– பிளஸ் ஒன் மாணவர், சித்தூர்

அந்தத் தேக்கின் வயது ஒரு மதிப்பீடு. ஆனால் அதன் உடம்பில் 450 வயதுள்ள உயிர்ச்செல் கிடையாது. நடுவில் இருக்கும் வைரம் செத்த கட்டை. பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்திசு அடுக்கு ஆண்டுதோறும் புதுச் செல்களைத் தருகிறது, உயிர் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. இப்படிப்பட்ட மரத்தைப் பெரும்பாலும் பூஞ்சை, இடி, காற்று, வறட்சி கொல்லும்.

பனை இனத்துக்கு அந்த அடுக்கு இல்லை. உச்சியில் ஒரே குருத்து. குடைப்பனை 30 முதல் 80 ஆண்டு வரை தண்டில் மாவைச் சேர்த்து, பிறகு அந்த ஒரே குருத்தையே பூங்கொத்தாக மாற்றிவிடும். பல லட்சம் பூ, காய் முற்ற ஓராண்டு, சேமிப்பு காலி, வளர இடமும் இல்லை, மரம் பட்டுப்போகும். விதை பரவிய பிறகு தாய்மரம் நிற்பதால் சந்ததி கூடவில்லையென்றால், அதை நிறுத்திவைக்கும் மரபணுக்களை இயற்கைத் தேர்வு பெரிதாகக் காப்பதில்லை. பிள்ளைப்பேறு முடிந்த பிறகு தேர்வின் பிடி தளர்வதே விலங்குகளின் மூப்புக்கும் வேர் என்று 1952-இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் வாதிட்டார்.

"பங்குனி வெயிலில்கூட அம்மாயி தாகமே இல்லை என்கிறார். நிஜமாகவே இல்லையா?"
– மாணவி, வாளையார்

நிஜம்தான், ஆபத்தும் அதுதான். வயதானால் மூளையின் தாக உணர்ச்சி குறைகிறது, சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறன் குறைகிறது, வியர்வை தாமதமாகச் சுரக்கிறது. நம் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தாகத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மி.லி. டம்ளர் தண்ணீர், மணி பார்த்துக் கொடுங்கள். மோரும் கஞ்சித் தண்ணியும் கணக்கில் சேரும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்கும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தை முடிவு செய்யாதீர்கள். தோலின் மீள்தன்மை வயதால் ஏற்கெனவே போயிருக்கும். உலர்ந்த நாக்கு, அடர்மஞ்சள் சிறுநீர், எழுந்ததும் தலைசுற்றல் ஆகியவற்றைப் பாருங்கள். திடீரெனப் பேச்சு குழறினால் அல்லது ஆள் அடையாளம் தடுமாறினால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்நேரம் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

"மூப்பைத் தள்ளிப்போடும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வேலை செய்யுமா?"
– மாணவர், கோவிந்தாபுரம்

வாங்க வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில், தினமும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகவே வந்தது. முடிவு 1994-இல் வெளியானது. ராப்பமைசின் என்ற மருந்து 2009-இல் வயதான எலிகளின் ஆயுளைக் கூட்டியது உண்மை. அதே மருந்து சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கப்படுவது. நலமாக இருப்பவர் தானாக வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.