சின்னக் கடலோரக் கிராமத்தில் மூன்று நாள் தங்கினால் எங்கே சாப்பிடுவது?

நான்கு பேர், அதில் ஒரு குழந்தை. மூன்று நாள் ஒரு சின்னக் கடலோர ஊரில் தங்கப் போகிறீர்கள், வரைபடத்தில் தேடினால் மூன்றே மூன்று சாப்பாட்டுக் கடைதான் வருகிறது, அதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடையைத் தேடுவதற்கு முன்னால், அந்த ஊரில் படகுகள் எத்தனை மணிக்குக் கரைக்கு வரும் என்று விசாரியுங்கள். நகரத்தில் பசித்த நேரத்துக்குச் சாப்பிடப் போகலாம். இந்த மாதிரி ஊர்களில் மீன் வந்த பிறகுதான் அடுப்பே பற்றும், வந்தது தீர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள். இது தெரியாமல் ஒருமுறை நான் மதியம் மூன்று மணிக்குப் போய் இறங்கினேன். இரண்டு கடைகளில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. திறந்திருந்தது ஒன்றுதான்: அலை காலைத் தொடும் தூரத்தில் மேசைகள், எட்டுப் பக்கத்துக்கு உணவுப் பட்டியல், வாசலில் வண்ண விளக்குகள். வேறு வழியில்லை, உட்கார்ந்து சூரை மீன் சுட்டுத் தரச் சொன்னேன். முதல் வாய் லேசாக மிளகு கடித்த மாதிரி நாக்கில் குத்தியது. மசாலா அப்படி என்று நினைத்துக்கொண்டு முழுவதும் தின்றுவிட்டேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. மீன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டி, இரண்டு வருடம் மீன் பக்கமே போகவில்லை.

அது ஒவ்வாமை இல்லை என்று பிறகு ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கும். பிடித்த மீனை ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு வெளிவிடுவதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் அறிகுறிகளும் ஒரே மாதிரி இருக்கின்றன. இதில் மோசமான விஷயம், ஒருமுறை உண்டாகிவிட்டால் வறுத்தாலும் சுட்டாலும் உறைய வைத்தாலும் அது போகாது. மீன் கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்றும் இல்லை. அப்படி நாக்கில் சுருக்கென்று குத்தினால் தட்டை நகர்த்தி வைத்துவிடுங்கள், காசு போனால் போகட்டும். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

அந்தக் கடையைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எட்டுப் பக்கப் பட்டியலைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்து இருபது பேர் வந்துபோகும் ஊரில் ஐம்பது வகைக்குச் சாமான் வைத்திருக்கிறார்கள் என்றால், அதில் பாதி ஃபிரீசரில் எத்தனை நாளாகத் தூங்குகிறதோ! கடற்கரைப் பார்வைக்கும் சமையலுக்கும் சம்பந்தமில்லை. காட்சி வேண்டுமானால் அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டு, சாப்பிட ஊருக்குள் போங்கள்.

சரி, ஊருக்குள் எங்கே? காலையில் மீன் இறங்கும் இடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஏலம் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் யாராவது சின்னக் கூடையோடு கிளம்பினால், பெரும்பாலும் அது ஏதோ ஒரு சமையலறைக்குத்தான் போகும். எங்கே போகிறது என்று கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் “நல்ல ஹோட்டல் எது?” என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு எது பிடிக்கும் என்று அவராக யோசித்து, அந்த வண்ண விளக்குக் கடையைக் காட்டிவிடுவார். “வீட்டில் சமைக்காத நாளில் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டால் வேறு பதில் வரும். பலகை கூட இல்லாத, ஒரு வீட்டின் முன்பக்கத்தில் நாலு மேசை போட்ட இடமாக இருக்கும். வரைபடத்தில் அது இருக்காது.

கடைக்குள் போனதும் ஒரே கேள்விதான்: “இன்றைக்கு என்ன வந்தது?” இரண்டு மூன்று பெயரைச் சொல்லி, “அது தீர்ந்துவிட்டது, இது இருக்கிறது” என்றால் உட்காருங்கள். “எல்லாமே இருக்கு சார்” என்றால் எழுந்துவிடுங்கள். மீனைக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம், நல்ல கடைக்காரர் பெருமையாகவே காட்டுவார். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், குழி விழுந்து பால் படர்ந்த மாதிரி இருக்கக் கூடாது. செவுளைத் தூக்கினால் நல்ல சிவப்பு, பழுப்பு இல்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். புது மீனுக்குக் கடல் வாசனைதான் இருக்கும். நாம் மீன் நாற்றம் என்று சொல்வது செத்த பிறகு பாக்டீரியா உண்டாக்கும் டிரைமெத்திலமின். ஐஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணும் செவுளும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஐஸ் இல்லாமல் கிடக்கும் சூரையை நான் இப்போது தொடுவதில்லை.

காண்பித்த கையோடு எடை, விலை இரண்டையும் பேசி முடித்துவிடுங்கள். முழு மீனுக்கா, குடலும் செதிலும் எடுத்த பிறகா, சமையல் கூலி சேர்த்தா தனியா என்பதெல்லாம் சாப்பிட்ட பிறகு பேசினால் சண்டைதான்.

கடல் கொந்தளிக்கிற நாளில் இந்தத் திட்டமெல்லாம் செல்லாது. காற்று பலமாக இருந்தால் சின்னப் படகுகள் இறங்காது. விளக்கு வைத்து மீனைக் கவர்ந்து பிடிக்கிற ஊர்களில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் மீன்பாடு குறையும். நிலா வெளிச்சத்தில் படகு விளக்குக்கு மவுசு இல்லை. மீன்கள் முட்டையிடும் காலத்தில் தடை போடும் நாடுகளும் உண்டு. கிளம்பும் முன் அந்த மாதத்தில் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நாளில் மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதை விட முட்டையோ காய்கறியோ கேட்பது மேல். உறைய வைத்த மீன் என்றாலே மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். படகிலேயே உறைய வைத்தது, மூன்று நாள் அரைகுறை ஐஸில் கிடந்த ‘புது’ மீனை விட எவ்வளவோ நல்லது. அதை மறைக்காமல் சொல்கிற கடைக்காரரை நான் கூடுதலாக நம்புவேன்.

குழந்தை வருவதால் இதையும் சொல்கிறேன். பச்சையாகவோ எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தோ தருகிற மீன் வேண்டாம். எலுமிச்சை சதையை வெள்ளையாக்குமே தவிர, உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. அதற்கு நன்றாக வேக வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும். கரையில் சிப்பி பொறுக்கிச் சமைக்கும் ஆசையும் வேண்டாம். சில காலங்களில் கடலில் நுண்பாசி பெருகி, அதன் நஞ்சு சிப்பிக்குள் சேரும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. வெப்பமண்டலத்துப் பவளப்பாறைப் பகுதி என்றால் பெரிய சீலா, பெரிய களவாய் இரண்டையும் விட்டுவிடுங்கள். பாறையில் வளரும் ஒரு நுண்ணுயிரின் நஞ்சு சின்ன மீன் வழியாக அவற்றில் சேர்ந்துவிடும், எவ்வளவு புதிதாக இருந்தாலும். குளிர்ந்தது சுடுவது போலத் தோன்றும் விசித்திரமான நோய் அது. அந்தக் கரையில் எந்த மீனை உள்ளூர்க்காரர்கள் தொடுவதில்லை என்று கேட்டு அதையே நீங்களும் பின்பற்றுங்கள்.

உங்களில் சைவம் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்னச் சமையலறையில் ஒரே எண்ணெய், ஒரே சட்டிதான் இருக்கும்.

இணைய விமர்சனங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு பேர் போட்ட நட்சத்திரத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. படங்களைத் தேதிவாரியாகப் பாருங்கள். கடைசிப் படம் இரண்டு வருடம் பழையது என்றால் கடை இருக்கிறதா என்பதே சந்தேகம், முதலில் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாருங்கள். சீசன் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகிற கடைகளும் உண்டு.

நானாக இருந்தால் தங்கும் வீட்டுக்காரரிடம் முந்தின நாளே பேசி, முதல் நாள் சாப்பாட்டை அவர் வீட்டிலேயே சொல்லிவைப்பேன். பயணக் களைப்போடு கடை தேட வேண்டாம். அப்புறம் மறுநாள் விடிந்ததும் கரைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். பையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் கொஞ்சம் பழமும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று மணிக்குப் போய் இறங்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் பேருந்தை நம்ப முடியாது.